முக்கியமில்லாததையும் எழுது

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை மணி 7.20.

மெட்ராஸ் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கோலாலம்பூர் போகும் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் என் அண்ணன் செல்வராஜ். மலேசியாவில் ஈப்போவிலிருந்து புறப்பட்டபோது ஆளுக்கொரு பை மட்டும்தான். திரும்பும்போது கூடுதலாக ஒரு பெரிய உறை. அதற்குள் என் தலையைப் பல பக்கங்களிலிருந்து பிடித்த எக்ஸ்ரே படங்கள். அது மடங்கிவிடக் கூடாதென்று அண்ணன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

எனக்குக் காது கேட்காது. ஒன்பது வயதில் காச நோய் வந்து, அதற்கு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியில் நோய் போனது, கூடவே காதும் போனது. அதற்குள் தமிழ்ப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றிருந்தேன். பேச்சும் வந்துவிட்டிருந்தது. ஈப்போவில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீசு, நாட்காட்டி எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். இந்தக் கட்டுரையில் மற்றவர்கள் பேசுவதாக வருபவை நான் அவர்கள் உதட்டைப் பார்த்துப் படித்தவை, அல்லது அண்ணன் எனக்குச் சொன்னவை.

மெட்ராசில் பன்னிரண்டு நாள். இரண்டு ஆஸ்பத்திரிகள். கடைசியில் பெரிய டாக்டர் ஒருவர் ஒரு தாளில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி அண்ணனிடம் கொடுத்தார். கேட்கும் நரம்பு செயலிழந்துவிட்டது, எந்தக் கருவியும் பயன்படாது என்பது அதன் சாரம். அண்ணன் அதை எனக்குச் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பாப்போம், பாப்போம்" என்று மட்டும் வாயசைத்தார். அன்றிரவு அவர் குளிக்கப் போனபோது நான் எடுத்துப் படித்துவிட்டேன். எனக்குப் பெரிய ஏமாற்றம் எதுவும் இல்லை. இருபது வருடமாகப் பழகிய காது. ஏமாற்றமெல்லாம் அண்ணனுக்கும், ஆயர் தாவாரில் காத்திருக்கும் அம்மாவுக்கும்தான்.

காலை மணி 8.30. விமானம் கிளம்பியது. மூன்று இருக்கைகள் கொண்ட வரிசை. சன்னலோரம் நான், நடுவில் அண்ணன், நடைபாதை ஓரத்தில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. சபாரத்தினம் என்று பெயர். ஈப்போவில் பொதுப்பணி அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அண்ணன் லாரி ஓட்டுபவர், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். ஒரே ஊரில் இருந்தும் இவரும் அவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்க வாய்ப்பில்லை. அண்ணன் அவரை "சார்" என்றார். அவர் தலையசைத்தார். அவ்வளவோடு பேச்சு முடிந்தது.

விமானப் பயணம் செய்யாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். புறப்படும் முன் பணிப்பெண்கள் நடைபாதையில் நின்று ஆபத்து நேரத்தில் என்ன செய்வதென்று செய்து காட்டுவார்கள். இருக்கைக்கு முன்னால் உள்ள பையில் அதையே படமாக வரைந்த அட்டை இருக்கும். ஒரு வார்த்தை கிடையாது, படம் மட்டும். சீனரோ அரபியோ ஊமையோ யார் பார்த்தாலும் புரியும். பெல்ட்டு போடச் சொல்வதற்கும் தலைக்கு மேல் ஒரு விளக்கு எரியும். நான் அந்த அட்டையை முன்னும் பின்னும் இரண்டு முறை படித்தேன். என்னையும் நினைத்துச் செய்திருக்கிறார்கள் என்று மகிழ்ச்சியாக இருந்தது.

மணி 9.45. காலை உணவுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு, பணிப்பெண் ஒருவர் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே மெல்லிய ரப்பர் குழாய், ஒரு பக்கம் இரண்டாகப் பிரிந்து, இரண்டு முனையிலும் காதில் வைக்கும் குமிழ். அதன் மறு முனையை இருக்கையின் கைப்பிடியில் உள்ள துளையில் செருக வேண்டும். எனக்கும் ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

சன்னல் மூடிகளை இறக்கினார்கள். முன் சுவரில் வெள்ளைத் திரை இறங்கியது. படம் தொடங்கியது. ஆங்கிலப் படம்.

எனக்குப் படம் என்றால் உயிர். ஈப்போ தியேட்டர்களில் எந்த மொழிப் படமானாலும் அடியில் மலாயிலும் சீனத்திலும் எழுத்து ஓடும். நான் மலாய் கற்றதே பாதி அந்த எழுத்துகளில்தான். தமிழ்ப் படத்துக்கு அண்ணனோடு போனால் ஒரு வேடிக்கை நடக்கும். நகைச்சுவை நடிகர் வசனத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே முழு வரியும் அடியில் வந்துவிடும். நான் முதலில் சிரித்துவிடுவேன். தமிழ் காதில் விழுந்து சிரிப்பவர்கள் எனக்கு அப்புறம்தான். அண்ணனுக்கு அது பொறுக்காது. "ஏன்லா முன்னாடியே சிரிச்சுத் தொலைக்கிற?" என்று தொடையில் கிள்ளுவார்.

ஆகவே திரையின் அடியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். பெயர்கள் வந்தன. ஒரு தெரு வந்தது. ஒரு சமையல்காரன் வந்தான், ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்தாள். இருவரும் ஒரு வீட்டு வாசலில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். அடியில் ஒன்றும் வரவில்லை. சுருளை இன்னும் சரியாகப் பூட்டவில்லை போலும் என்றுகூட நினைத்தேன். பத்து நிமிடம் ஆகியும் எழுத்து வரவில்லை. வெள்ளைக்காரர்களின் உதடு எனக்குப் பிடிபடாது. ஆங்கிலமும் எழுத்தில் பார்த்தால் நாலு வரி புரியும், அவ்வளவுதான்.

பக்கத்தில் அண்ணன் சிரித்தார். பன்னிரண்டு நாளில் அவர் பல் தெரிந்தது அப்போதுதான். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறைதான், ஆனாலும் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே பாதி புரிந்துவிடும் போலிருக்கிறது. நான் அவர் சட்டைக் கையை இழுத்தேன்.

"என்ன சொன்னான்?"

"சும்மா ஜோக்கு. அப்பறம் சொல்றேன்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி சிரித்தார். மறுபடி இழுத்தேன்.

"ஒன்னும் இல்லலா. அப்பறம் சொல்றேன்."

இந்த வாக்கியத்தின் உதட்டசைவை என்னைப் போல அறிந்தவர்கள் இருக்க முடியாது. கல்யாண வீட்டில், பஸ்சில், சாப்பாட்டு மேசையில், எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு என் பக்கம் திரும்பும் முகங்கள் சொல்வது இதைத்தான். அந்த "அப்பறம்" வந்ததே இல்லை.

மூன்றாவது முறை அவர் சிரித்தபோது, என்ன வேகமோ, அவர் காதிலிருந்த குழாயைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

அண்ணன் முகம் சிவந்தது. "ரெண்டு மணி நேரம் என்னைச் சும்மா விட மாட்டியா? பன்னெண்டு நாளா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு அலைஞ்சு, ஒன்னும் ஆகல. அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. கொஞ்ச நேரம் சிரிக்கக் கூடாதா நான்?"

அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தும் என்னால் நிறுத்த முடியவில்லை.

"காது கேக்கணும்னு நான் கேட்டேனாண்ணே? ஒரு நாளாவது கேட்டேனா? இந்தப் படத்துல என்ன பேசுறாங்கன்னுதான் கேக்குறேன்!"

என் குரல் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. முன் வரிசையில் இருந்தவர்கள் குழாயைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது. பணிப்பெண் விரைந்து வந்தார். மலாய்க்காரப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். அண்ணன் தன் காதைத் தொட்டுக் கையை விரித்து விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. நான் மலாயில் கேட்டேன்: "ஈப்போவில் இதே மாதிரி படத்துக்கு அடியில் எழுத்து வருகிறதே, இங்கே ஏன் வரவில்லை?"

அவர் தன்னிடமிருந்த ஒரு குறிப்பு அட்டையின் பின்பக்கத்தில் மலாயில் எழுதிக் காட்டினார். "மன்னியுங்கள் அக்கா. சுருள் வெளிநாட்டிலிருந்து இப்படியேதான் வருகிறது. எழுத்துள்ள சுருள் எங்களிடம் இல்லை." சற்று யோசித்து இன்னொரு வரி சேர்த்தார். "இதுவரை யாரும் கேட்டதில்லை."

பிறகு விமானப் பத்திரிகையைக் கொண்டுவந்து ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினார். படத்தின் கதை மூன்று வரியில் இருந்தது. ஒரு விதவையும் ஒரு சமையல்காரனும் தவறுதலாக ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள், சிரிப்புக்குப் பஞ்சமில்லை. சிரிப்புக்குப் பஞ்சமில்லை என்பதை நான் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

அப்போதுதான் சபாரத்தினம் தன் குழாயைக் கழற்றினார். அண்ணன் தோளைத் தொட்டு ஏதோ பேசினார். அது என்னவென்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"தம்பி, எனக்கு இங்கிலீசு முழுக்க விளங்கும். ஆனால் தமிழ் எழுத வராது, இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில படிச்சனான். நான் கேட்டுச் சொல்லுறன். நீர் எழுதும். பிள்ளை வாசிக்கட்டும்."

அண்ணன் கொஞ்சம் தயங்கினார். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர், வருடக்கணக்கில் கையெழுத்தைத் தவிர எதுவும் எழுதாதவர். சபாரத்தினம் தன் இரண்டு பேனாவில் ஒன்றை நீட்டினார். எழுதத் தாள் இல்லை. முன் பையில் வாந்தி எடுப்பதற்கென்று வைத்திருக்கும் காகிதப் பை இருந்தது. அண்ணன் அதை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார்.

பெரியவர் காதில் குழாயோடு திரையைப் பார்த்தபடி சொல்ல, அண்ணன் குனிந்து எழுத, நான் அவர் தோளுக்கு மேல் எட்டிப் படித்தேன். "இந்த வீடு எனுது." "முன் பனம் நான் கட்டிடேன்." பார்த்ததும் என் கை தானாகவே பேனாவுக்குப் போய்விட்டது. "முன்பணம்" என்று திருத்தினேன். அண்ணன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "இப்பவுமா உன் கெர்ஜா, பிழை திருத்துற வேல? கத ஓடுதுலா!"

ஒரு பை நிறைந்தது. பெரியவர் தன்னுடையதை எடுத்துக் கொடுத்தார். பிறகு என்னுடையது. படத்தில் இருவரும் சமையலறையில் நின்று பேசத் தொடங்கினார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு. பேச்சு நீண்டுகொண்டே போனது. அண்ணன் ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"முக்கியமில்லை."

நான் அண்ணனைப் பார்த்தேன். "சார்தான் சொன்னாரு. சும்மா கதைக்கிறாங்களாம். முக்கியமில்லையாம்" என்றார்.

"முக்கியமில்லாததையும் எழுதுண்ணே. எது முக்கியம்னு நான் பாத்துக்கிறேன்."

மறுபடியும் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் எடுத்துச் சொல்லத் தேவையில்லாமல் சபாரத்தினமே என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் குழாயைக் காதோடு அழுத்திக்கொண்டு, வரி விடாமல் சொல்லத் தொடங்கினார்.

அந்தப் பேச்சு இதுதான். விதவையின் செத்துப்போன கணவனுக்கு வெங்காய வாடை ஆகாது. முப்பது வருடமாக அவள் வீட்டில் வெங்காயம் வாங்கியதே இல்லை. வெங்காயம் இல்லாமல் தனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது என்கிறான் சமையல்காரன். உண்மையிலேயே முக்கியமில்லாத பேச்சு. அண்ணன் வெங்காயத்தை மூன்று விதமாக எழுதியிருந்தார்.

பைகள் தீர்ந்துவிட்டன. பணிப்பெண் இதைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். பின் வரிசைகளிலிருந்து பத்துப் பதினைந்து பைகளைச் சேகரித்துக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்தார். குடிக்க ஆரஞ்சுச் சாறும் வைத்தார், சபாரத்தினத்துக்கு மட்டும். அவர் குரல் கட்டிப்போய்விட்டதாம்.

படத்தின் கடைசிப் பகுதியில் சண்டை போட்டுக்கொண்டு சமையல்காரன் வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். ஒரு மலிவான ஓட்டல் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். கதவு தட்டப்படுகிறது. திறக்கிறான். விதவை நிற்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கையாலும் ஒரு சாக்கைத் தூக்கி அவன் காலடியில் வைக்கிறாள். சாக்கிலிருந்து வெங்காயம் உருண்டு ஓடுகிறது.

விமானத்தில் இருந்த அத்தனை பேர் தோளும் குலுங்கியது. அதே நொடியில் நானும் சிரித்தேன். யாருக்கும் முன்னால் இல்லை, பின்னாலும் இல்லை. அண்ணன் எழுதுவதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சபாரத்தினம் கழுத்தை நீட்டி அவரும் பார்த்தார். அவர்கள் இரண்டு பேரும் அந்தக் காட்சியைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

மலேசிய நேரம் பிற்பகல் மணி 2.50. கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தில் இறங்கினோம். பைகளை அடுக்கி எக்ஸ்ரே உறைக்குள் வைத்தேன். மொத்தம் பதினேழு.

புடுராயா பஸ் நிலையத்துக்கு வந்து ஈப்போ டாக்சி பிடித்தோம். தலைக்குப் பன்னிரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். சபாரத்தினம் எங்களோடேயே வந்தார். அவர் முன்னால், நாங்களும் ஒரு மலாய் ஆசிரியையும் பின்னால். ஓட்டுநர் சீனர். தூரம் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர், பழைய சாலையில் நான்கு மணி நேரப் பயணம். தஞ்சோங் மாலிமில் ஆசிரியை இறங்கிக்கொண்டார். சிலிம் ரிவர் தாண்டினால் பேராக் மாநிலத்தின் ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்கும். பல இடங்களில் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். குட்டைப் பனைகளுக்கு நடுவே ஆளில்லாத லயங்கள் கூரையில்லாமல் நின்றன.

ஓட்டுநர் பேசிக்கொண்டே ஓட்டினார். எனக்குத் தெரிவது அவர் பிடரியும், அவ்வப்போது ஸ்டீரிங்கை விட்டு எழும் கையும்தான். எப்போதும் இந்த மாதிரிப் பயணங்களில் நான் வெளியே மரம் பார்த்துக்கொண்டு வருவேன். அன்று அண்ணன் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். எதுவும் கேட்காமலே வாயசைத்தார்.

"போன வாரம் ஒரு ஆளு தாப்பாவுல டுரியான் பழம் வாங்கி டாக்சி பின்னாடி பூட்டுல ஒளிச்சு வெச்சிட்டானாம். நாத்தத்துல மூணு நாளு எவனும் டாக்சியில ஏறலையாம். பொண்டாட்டி இவரையே வீட்டுக்குள்ள சேர்க்கலையாம்."

நான் சிரித்தேன். அண்ணன் அதை ஓட்டுநரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து மூக்கைப் பொத்திக் காட்டினார்.

பீடோரில் நிறுத்தித் தேநீர் குடித்தோம். சபாரத்தினம் வீட்டுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கினார். எங்கள் மேசையிலேயே உட்கார்ந்தார். அவர் சொன்னதை அண்ணன் அப்படியே சொன்னார்:

"பிள்ளை, யாரும் கேட்டதில்லை எண்டு அந்தப் பெட்டை எழுதினதெல்லோ? நீர் கேளும். கடிதம் எழுதும். மலாயில எழுதித் தந்தால் இங்கிலீசிலயும் நான் அடிச்சுத் தாறன். ரெண்டையும் சேர்த்து அனுப்புவம்."

அடுத்த வாரம் அப்படியே விமான நிறுவனத்துக்கு அனுப்பினோம். எழுத்துள்ள சுருள் கிடைக்காவிட்டாலும் வசனத்தைத் தாளில் அச்சிட்டு, வேண்டுமென்று சொல்பவர்களுக்குக் கொடுக்கலாமே என்று எழுதினேன். எத்தனை பக்கம் வரும், என்ன அளவு எழுத்து, மங்கிய வெளிச்சத்தில் படிக்க எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதையெல்லாம் அச்சகத்து அனுபவத்தில் குறித்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நல்ல தாள், மரியாதையான மொழி. வருந்துவதாகவும், யோசனையைக் குறித்துக்கொண்டதாகவும் இருந்தது. இதை எழுதும் வரை நான் மறுபடி விமானம் ஏறவில்லை. ஏறிவிட்டு வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறேன். அடியில் எழுத்து வரவில்லை, தாளும் இல்லை என்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் ஒரு கடிதம் போடுகிறேன். இப்போது யாரும் கேட்டதில்லை என்று அவர்களால் சொல்ல முடியாது.

விமானம் இறங்கிய மறுநாள், புதன்கிழமை காலை மணி 9. ஈப்போவிலிருந்து லுமுட் போகும் பஸ். ஆயர் தாவாருக்குக் கிட்டத்தட்ட எழுபது கிலோமீட்டர். பாரிட் தாண்டி, போத்தாவில் பேராக் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது அண்ணன் என் கையைத் தட்டினார். டாக்டர் எழுதிய தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இத ஒன்கிட்ட காட்டல."

"அன்னிக்கே படிச்சிட்டேண்ணே."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாலம் முடிந்த பிறகு திரும்பி, "அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்று கேட்டார். யார் சொல்வதென்று முடிவாகாமலே ஊர் வந்துவிட்டது.

நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்தைக் காலி செய்துவிட்டு, அம்மா ஆயர் தாவார் ஓரத்தில் ஒரு பலகை வீட்டுக்குக் குடிவந்தார். வீட்டின் பின்பக்கம் செம்பனைக் காடு. நாங்கள் போனபோது முன்கதவு திறந்திருந்தது, அம்மாவைக் காணவில்லை. நான் பையை மேசையில் வைத்து அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு வாங்கிய சுங்குடிச் சேலையை வெளியே எடுத்தேன். நிமிர்ந்தபோது அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

திரும்பினேன். பின்வாசலில் அம்மா நின்றார். வாய் இன்னும் திறந்திருந்தது.

"அம்மா ஒன்னயக் கூப்பிட்டாங்க" என்றார் அண்ணன். "லெச்சுமி, லெச்சுமின்னு. மூணு தடவ."

டாக்டர் சொன்னதை யாரும் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அண்ணனிடம் பேசினார். நான் அறிந்த நாள் முதல் அம்மா வேதனையானதைச் சொல்லும்போது அப்படித்தான் திரும்பிக்கொள்வார். முந்தானை கண்ணுக்கு ஏறி இறங்கியது. பேச்சு முடியவில்லை.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் உதடு "ஒன்னும்" என்று தொடங்கியது. அப்படியே நின்றது. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் முன்னால் வந்து நின்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஊசி போட்டப்ப, நாப்பதாவது ஊசியிலயே நீ கூப்பிட்டாத் திரும்பலையாம். ஊசி போட்ட டிரெசரு சொன்னாராம், காது போவுது, நிறுத்திப் பாக்கலாமான்னு. நிறுத்துனா நோவு திரும்புமான்னு இவங்க கேட்டிருக்காங்க. திரும்பலாம்னாராம். பக்கத்து லயத்துல அப்பத்தான் ஒரு புள்ள அந்த நோவுல செத்துருச்சு. போடுங்கன்னு இவங்கதான் சொன்னாங்களாம். மிச்சம் அம்பது ஊசியும் இவங்க சொல்லித்தான் போட்டதாம். இருபது வருசமா அதத்தான் சொல்லிச் சொல்லி அழுவுறாங்க. ஒனக்குச் சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

நான் கொல்லைப்புறம் போனேன். குழாயைத் திறந்து முகம் கழுவினேன். நாற்பதாவது ஊசியில் நிறுத்தியிருந்தால் என்ற ஒரு கணக்கு மனதில் ஓடத்தான் செய்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் காது மிஞ்சியிருக்கும். அல்லது நானே மிஞ்சியிருக்க மாட்டேன். காற்றில் பனை ஓலைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. அது எப்படிச் சத்தம் போடும் என்று எனக்கு நினைவில்லை.

உள்ளே வந்து அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். முகவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"எட்டு நாளைக்கு முன்னாடி மெட்ராசுல மல்லிப்பூ வெச்சுக்கிட்டு கடக்கரையில நடந்தேன்மா. நீ ஊசி போடச் சொன்னதுனாலதான் நடந்தேன். இனிமே என்ன சொல்றதுன்னாலும் என் மொகத்தப் பாத்துச் சொல்லு. திட்டுறதுன்னாலும் சரி."

அம்மா அழுதார். ஆனால் திரும்பிக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே, "சேல நல்லாருக்கு. கரைதான் கொஞ்சம் அகலம்" என்றார்.

வியாழக்கிழமை பிற்பகல் மணி 3. ஈப்போ பஸ் ஆயர் தாவாரில் வந்து நின்றபோது நல்ல மழை. ஏறியதும் எல்லாச் சன்னல்களையும் இழுத்து மூடிவிட்டார்கள். அம்மா குடையோடு எங்கள் சன்னலுக்கு நேராக வந்து நின்று பேசத் தொடங்கினார். அண்ணன் காதைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக் கேட்டுப் பார்த்தார். மழையும் பஸ் எஞ்சினும் சேர்ந்து எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. உதட்டைப் பிதுக்கினார்.

"என்னலா சொல்றாங்க?"

எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத் தெரிந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"கருவாட்டுப் பையத் தனியா வெக்கணுமாம். போன தடவ ஒன் சட்டையெல்லாம் நாறிப்போச்சாம். பக்கத்து வீட்டுச் சீனம்மா பூன நாலு குட்டி போட்டிருக்காம். ஒன்னு நமக்கு வேணுமான்னு கேக்குறாங்க."

"பூனையா? ஈப்போவுல எங்க வெச்சு வளக்குறது?"

"வெள்ளக் குட்டியாம். வாலுல மட்டும் கறுப்பாம்."

பஸ் நகர்ந்தது. அம்மா குடையைச் சாய்த்துக்கொண்டு கூடவே நாலு எட்டு நடந்தார், வாய் ஓயவில்லை. நான் கண்ணாடியில் படிந்த நீராவியைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் என்ன சொல்றாங்க? இன்னும் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.